சிங்கப்பூருக்கு எந்த சிம்?

கேள்வி: தாம்பரத்திலிருந்து சிங்கப்பூரில் உள்ள மகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர் மொபைல் டேட்டாவுக்கு என்ன செய்யலாம்?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் இந்திய எண்ணுக்கே ரோமிங் பேக் போதும். பேரனைக் கொஞ்சித் தீர்க்க மாதக் கணக்கில் தங்குபவர்களுக்கு உள்ளூர் ப்ரீபெய்டு சிம்தான் கட்டுப்படியாகும். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 ஆகிய நிறுவனங்களின் சிம்களை பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்து வாங்கலாம். 2014 முதல் ஒருவருக்கு மூன்று ப்ரீபெய்டு சிம்தான்.

அம்மாவின் பழைய பட்டன் போனை முதலில் சோதிக்க வேண்டும். சிங்கப்பூர் 2017-இல் 2ஜியையும் 2024-இல் 3ஜியையும் மூடிவிட்டது. 4ஜி இல்லாத போன் அங்கே வெறும் கடிகாரம்.

மூன்றாவது வழி, இ-சிம். *#06# அழுத்தும்போது இஐடி எண் தெரிந்தால் பெரும்பாலும் அந்த போன் அதை ஏற்கும். இ-சிம்மை ஏற்றுவதற்கான கியூஆர் கோடு வந்த போனின் கேமராவே அதைப் படிக்க முடியாது. எனவே ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி எடுத்துக்கொள்வது நல்லது. இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிட வேண்டும். மின்சார ரயில் பல்லாவரத்தைத் தாண்டும்போது செய்கிற வேலை அல்ல இது.

எந்த வழியானாலும் இந்திய சிம்மைக் கழற்றி வைக்கக் கூடாது. வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, சர்வதேச ரோமிங் வசதியை, விமானம் பிடிக்கத் திரிசூலத்துக்கு ரயில் ஏறும் முன்பே இயக்கிவிடுங்கள்.