ரங்கனதிட்டுப் படகில் முதலைச் சாய்வு: ஓர் ஆய்வு

பறவை நோக்கலைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் பறவையைப் பார்த்திருக்கிறார்கள். பறவையைப் பார்க்க வந்தவர் எதைப் பார்த்தார் என்பதை எவரும் ஆராயவில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் மைசூரு என்பதால் முதலில் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும். கடற்பறவைகள் கூடு கட்டுவதைப் பார்க்க மேல்நாட்டார் ஸ்காட்லாந்தின் பாஸ் பாறை போன்ற இடங்களுக்குப் படகில் போகிறார்கள். செங்குத்தான பாறை, சுண்ணாம்பு அடித்ததுபோல் அதை மூடியிருக்கும் கானெட் பறவைகள், கீழே கடல். மைசூருவில் கடலும் இல்லை, செங்குத்துப் பாறையும் இல்லை. ஆனால் காவிரி இருக்கிறது. நகரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டருக்குள், ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டி, ரங்கனதிட்டு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கந்தீரவ நரசராஜ உடையார் ஆற்றின் குறுக்கே அணை கட்டியதில் உண்டான திட்டுகள் இவை. பறவைகளுக்காக யாரும் கட்டவில்லை. பறவைகளாகவே பார்த்துக் குடியேறின. 1940இல் பறவையியலாளர் சாலிம் அலி சொல்லித்தான் மைசூர் அரசு இதைச் சரணாலயம் ஆக்கியது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

இங்குள்ளவற்றைக் கடற்பறவை என்று சொல்லலாமா என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும். ஆற்று ஆலா கடற்காகத்தின் குடும்பம். நீர்க்காகத்தின் உறவினர்கள் பிரிட்டன் கடற்கரைப் பாறைகளில் இன்றும் முட்டையிடுகிறார்கள். கூழைக்கடாவின் சொந்தக்காரர்கள் பல நாட்டுக் கடற்கரைகளில் மீன் பிடிக்கிறார்கள். ஆக, ரங்கனதிட்டு என்பது கடலிலிருந்து காவிரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டவர்களின் காலனி. பாறைக்குப் பதில், முழங்கால் உயரத்துக்கு நீர் மேல் தலைகாட்டும் கருங்கல். ஆற்று ஆலா அந்த மொட்டைக் கல்லின் மேலேயே, ஒரு குச்சிகூட வைக்காமல், முட்டையிடுகிறது. மேலே கிருஷ்ணராஜசாகர் அணையில் மதகைத் திறந்தால் அந்தக் கல் முழுகும் என்பது அதற்குத் தெரியுமா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

இனி கருப்பொருள். மார்ச் மாதத்து முற்பகல். அந்தியூரிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தியுடனோ வாந்தியின்றியோ கடந்து வந்த ஒரு குடும்பம் வனத்துறைப் படகில் ஏறுகிறது. காலையில் சாமுண்டி மலை முடிந்துவிட்டது. மாலையில் பிருந்தாவனம் பாக்கி. இரண்டுக்கும் நடுவே பறவைகள். மரங்கள் எல்லாம் மஞ்சள் மூக்கு நாரைகளால் நிறைந்து கிடக்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் சண்டை, குச்சித் திருட்டு, குஞ்சுகளின் கத்தல். நத்தை குத்தி நாரை, துடுப்புவாயன், அரிவாள் மூக்கன் என்று சாலிம் அலி புத்தகத்தின் பாதி அட்டவணை அங்கே உயிரோடு நிற்கிறது. படகோட்டி ஒவ்வொன்றையும் கையைக் காட்டி ஆங்கிலத்தில் பெயர் சொல்கிறார். குடும்பம் "ஓ" என்கிறது. பிறகு பெரியவர் கேட்கிறார்:

"ஏனுங்க தம்பி, முதலை இருக்குங்களா?"

இந்தக் கேள்வி கேட்கப்படாத படகை நான் கண்டதில்லை. பணக்காரர், ஏழை, தமிழர், கன்னடர், வடக்கத்தியர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. சிலர் மனதுக்குள் கேட்பார்கள். அவர்களை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பிறகு யாரோ ஒரு சிறுவன் பாறை மேல் கிடக்கும் சதுப்பு முதலையைக் கண்டுவிடுகிறான். உடனே படகில் உள்ள அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். இதற்கு 'முதலைச் சாய்வு' என்று பெயரிட முன்மொழிகிறேன். படகோட்டி "உக்காருங்க, உக்காருங்க" என்று தமிழிலேயே சொல்வது இச்சாய்வின் தெளிவான அடையாளம். அவருக்குத் தெரிந்த மொழிகள் அனைத்திலும் முதலில் கற்ற வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

சாய்வைத் தொடர்ந்து ஒரு விவாதம் எழும். அது எங்கும் மாறாத வடிவம் உடையது. "பொம்மையோ?" என்று ஒருவர். "அசையவே இல்லையே" என்று இன்னொருவர். "வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குது பாரு" என்று பாட்டி. முதலை வாயைத் திறந்து வைத்திருப்பது உடம்புச் சூட்டைத் தணிக்க என்று விலங்கியல் சொல்கிறது. படகில் அதற்குக் கிடைக்கும் விளக்கங்களோ கொட்டாவி, பசி, கோபம் என மூவகைப்படும்.

ஆயிரக்கணக்கான உயிர்கள் தலைக்கு மேல் இறக்கையடித்துக் குடித்தனம் நடத்துகின்றன. எதுவுமே செய்யாமல் கிடக்கும் ஒரே ஓர் உயிர் எல்லாக் கண்களையும் எடுத்துக்கொள்கிறது. இதற்குக் காரணம் என்ன? பயம் என்பார்கள் சிலர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அலுவலகங்களில் இருபது ஆண்டு கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உழைப்பவரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அசையாமல் உட்கார்ந்திருப்பவர்தான் மேலதிகாரி.

முதலை உண்மையில் சும்மா கிடக்கிறதா என்பதும் ஐயத்துக்குரியதே. அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் ஆய்வு செய்தவர்கள், பறவைக் காலனிகளுக்கு அடியில் வாழும் அலிகேட்டர்கள், தள்ளி வாழ்பவற்றைவிட நல்ல சதைப்பிடிப்போடு இருப்பதைக் கண்டார்கள். பறவைகள் அந்த இடத்தைத் தேடியே கூடு கட்டுகின்றனவாம். கீழே அலிகேட்டர் கிடந்தால் முட்டை திருடும் ரக்கூன் நீந்தி வராது. காவலுக்குக் கூலியாகத் தவறி விழும் குஞ்சுகள். ரங்கனதிட்டுக்கும் இந்த ஒப்பந்தத்தைப் பொருத்திப் பார்க்க எனக்கு ஆசை. அப்படிப் பார்த்தால், படகில் சாய்ந்தவர்கள் வாட்ச்மேனைப் படமெடுத்துக்கொண்டு வீட்டுக்காரரைக் கவனிக்காமல் திரும்பியவர்கள் ஆகிறார்கள்.

இந்த வாட்ச்மேனின் நேர்மை பற்றி ஒரு துணைக் குறிப்பு. நம் சென்னைக்கு அருகே வடநெம்மேலி முதலைப் பண்ணையில், கொக்குகள் கூடு கட்டும் இடத்துக்குக் கீழே சதுப்பு முதலைகள் மூக்கின் மேல் குச்சிகளைத் தாங்கியபடி நீரில் அசையாமல் கிடந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கூட்டுக்குக் குச்சி தேடும் கொக்கு தாழ இறங்கினால் உடனே பாய்ச்சல். 2013இல் வெளியான இந்தச் செய்தி, ஊர்வன கருவியைப் பயன்படுத்துமா என்ற பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அது தூண்டிலேதான் என்போரும் உண்டு, ஏற்காதோரும் உண்டு. குச்சி தேடி அலையும் கொக்குகளை ஒருமுறை பார்த்தவருக்கு அது நல்ல தூண்டில் என்பதில் ஐயம் வராது.

இனி, அறிஞர் எவரும் குறிப்பிடாத ஒரு நுட்பத்தைப் பதிவுசெய்ய வேண்டும். முதலையைப் பற்றிக் கேட்டதும் படகோட்டி தலையாட்டுவார். "முந்தெ, முந்தெ," என்பார். இன்னும் கொஞ்சம் முன்னால் இருக்கிறது என்று பொருள். அந்த 'முந்தெ' படகு முழுச் சுற்றையும் சுற்றி முடிக்கும்வரை நீளும். ஆறு தெரிந்தவருக்கு முதலை எந்தப் பாறையில் கிடக்கும் என்று தெரியாமலா இருக்கும்? முதலில் காட்டிவிட்டால் அதற்குப் பிறகு நாரையை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே முதலையைக் கடைசிக்கு வைத்திருக்கிறார். காத்திருக்கும் நேரத்தில், வேறு வழியில்லாமல், அந்தியூர்க்காரர் தலைநிமிர்ந்து ஒரு துடுப்புவாயனைப் பார்க்கிறார். "இதோட மூக்கைப் பாத்தீங்களா, தோசைக்கரண்டி மாதிரி," என்று மனைவியிடம் சொல்கிறார். அந்தம்மாள் "அட, ஆமாங்க," என்கிறார்.

அதற்குள் முன்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். படகு இடப்பக்கம் சாய்கிறது. "உக்காருங்க, உக்காருங்க."