கண்டறியாத இலையுதிர்கால விளையாட்டு

தம்பி, ஒண்டு கேக்கிறன், கோவிக்காமல் சொல்லு. வெள்ளவத்தையிலை இலையுதிர்காலம் எந்த மாசம் வருகுது?

முழிக்கிறாய். நானும் எத்தினையோ வருசமா இந்தக் காலி வீதியைப் பாத்துக்கொண்டிருக்கிறன். இஞ்சை காத்தடிச்சா இலை விழும். மாநகரசபை மரம் வெட்ட வந்தாலும் விழும். வேறை உதிர்காலம் நான் காணேலை.

பிறகேன் உன்ரை பிறிஜ் கதவிலை "இலையுதிர்காலத்தில் சிறுவர்களுக்கு ஏற்ற விளையாட்டுகள்" எண்டு ஒரு கடதாசி தொங்குது? திங்கள் கராத்தே. செவ்வாய் நீச்சல். புதன் கிறிக்கெற். வியாழன் செஸ். வெள்ளி பாட்மின்ரன். சனி ஞாயிறு ரியூசன். இதென்ன பிள்ளையின்ரை விளையாட்டோ, இல்லைக் கோட்டை ஸ்ரேசன் ரயில் நேரசூசியோ? பெடியனுக்கு வயசென்ன? ஆறு. நல்லாயிருக்கு.

எனக்குத் தெரியும் உது எங்கையிருந்து வந்ததெண்டு. கனடாவிலை ஸ்காபரோவிலை இருக்கிற உன்ரை மச்சாள் அனுப்பினவள். அவள் செப்ரெம்பரிலை பிள்ளையைச் சொக்கருக்கு விட்டிட்டாள். அவளிலை பிழையில்லை. அங்கை இன்னும் ரெண்டு மாசத்திலை பனி கொட்டத் தொடங்கும். அதுக்கு முதல் பிள்ளை நாலு நாள் புல்லிலை ஓடட்டும் எண்டு அந்தச் சனம் அந்தரப்படுது. உனக்கென்ன அந்தரம்? உன்ரை மகன் தைமாசமும் ஓடலாம், ஆடிமாசமும் ஓடலாம்.

ஒக்ரோபர், நவம்பரிலை கொழும்பின்ரை குணம் வேறை. காலமை நல்ல வெயில். ரெண்டு மூண்டு மணி தாண்ட வானம் கறுக்கும். பிறகு இடி, மின்னல், ஒரு கொட்டுக் கொட்டி ஓயும். வருசத்திலை மின்னல் கூடின காலங்களிலை இதுகும் ஒண்டு. நீயோ பின்னேரம் நாலு மணிக்கு வெளி மைதானத்திலை கிறிக்கெற் வகுப்புக்குக் காசு கட்டியிருக்கிறாய். கட்டினது தவணைக் காசு, திருப்பித் தரமாட்டினம். இடிச் சத்தம் கேட்டா "இன்னும் ரெண்டு பந்து" எண்டு நிக்கவிடாதை. உள்ளுக்குக் கூட்டி வா. காசு போனாப் போகட்டும்.

அந்த வகுப்பை நான் போய்ப் பாத்தனான். விடுப்புக்குத்தான். பிள்ளையள் வரிசையிலை நிக்கினம். ஒவ்வொருத்தருக்கும் தலையிலை ஹெல்மெற், காலிலை பாட், கையிலை கிளவுஸ், முதுகிலை தன்ரை உயரத்துக்கு ஒரு பை. உன்ரை மகன் முன்னுக்கு வர அரைமணித்தியாலம். வந்து ஆறு பந்து அடிச்சான். அதிலை நாலு படேலை. பிறகு திரும்பவும் வரிசைக்குப் பின்னாலை போய் நிண்டு மூக்கு நோண்டினான். போகவர, காலி வீதி நெரிசலிலை ஒண்டரை மணித்தியாலம். ஆறு பந்துக்கு! தாய் தேப்பன் என்ன செய்யினம்? காரிலை ஏசியைப் போட்டு போன் பாக்கினம். பிறகு பிள்ளை பாட்டோடை நிக்கிற படத்தை வட்ஸ்அப்பிலை போடுகினம். விளையாடினது ஆர், சொல்லு பாப்பம்?

உனக்கு இன்னொரு கவலையும் இருக்கெண்டு கேள்விப்பட்டன். பிட்ச் சரியான அளவோ எண்டு கோச்சரைக் கேட்டியாம். கேள் தம்பி, 1948-ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின்ரை பிராட்மன் இங்கிலாந்துக்குக் கப்பலிலை போகேக்கை கொழும்பிலை இறங்கி ஒரு நாள் ஆட்டம் ஆடினவர். எங்கை? ஓவலிலை. எங்கடை தமிழ் யூனியன் கிளப்பின்ரை மைதானம், இப்ப பி. சரா ஓவல் எண்டு சொல்லுறது. அண்டைக்குப் பிட்ச்சை அளந்து பாத்தா இருபத்திரண்டு யாருக்குப் பதிலா இருபது யார்தான் இருந்தது. உலகத்திலை பெரிய ஆட்டக்காரனுக்கே ரெண்டு யார் வெட்டிக் குடுத்த ஊரடா இது! பகிடி என்னெண்டா, அதே அவுஸ்திரேலியாக்காரர் இப்ப சின்னப் பிள்ளையளுக்கு வேணுமெண்டே பிட்ச்சைக் கட்டையாக்கி வைச்சிருக்கினம். சின்னக் கைக்கு அதுதான் தோதாம். நாங்கள் முந்தியே செய்துபோட்டம், பேர்தான் வரேலை.

சரி, உடம்புக்கு எவ்வளவு வேணும்? உலக சுகாதார நிறுவனம் சொல்லிவைச்சிருக்கு. மூண்டு நாலு வயசுப் பிள்ளை ஒரு நாளைக்கு மூண்டு மணித்தியாலம் கைகால் ஆட்டவேணும், அதிலை ஒரு மணித்தியாலமெண்டாலும் நல்லா மூச்சு வாங்கவேணும். அஞ்சு வயசிலையிருந்து பதினேழு வரை நாளுக்குச் சராசரி அறுபது நிமிசம் மூச்சு வாங்க விளையாடவேணும். எலும்பு வைரப்படும், நெஞ்சு பலப்படும், ராவிலை அடிச்சுப் போட்ட நித்திரை வரும். இன்னொண்டு. வெளி வெளிச்சத்திலை திரியிற பிள்ளையளுக்குக் கிட்டப்பார்வை வாறது குறைவு எண்டு கண் டொக்டர்மார் சொல்லுகினம். உன்ரை பிளாற்றிலை எத்தினை பிள்ளையள் கண்ணாடி போட்டிருக்கினம் எண்டு லிப்றிலை ஏறேக்கை எண்ணிப் பார். மூச்சு வாங்க ஜேர்சி வேணுமோ? சும்மா துரத்தினாலே வாங்கும்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போய்ப் பார். ஜம்பட்டா வீதிக்கு உள்ளாலை போற ஒழுங்கையிலை பின்னேரம் பெடியள் விளையாடுவினம். குப்பை வாளிதான் விக்கெற். ஒரு ரெனிஸ் பந்து, அதிலை மயிர் முழுக்கக் கொட்டுண்டு போட்டுது. மதிலுக்கு மேலாலை அடிச்சா அவுட். ஒருக்காக் குத்தினதை ஒற்றைக் கையாலை பிடிச்சாலும் அவுட். கானுக்குள்ளை விழுந்தா அடிச்சவன்தான் எடுக்கவேணும். த்ரீவீல் வந்தா எல்லாரும் மதிலோடை ஒட்டுவினம், போனதும் வழக்குத் தொடங்கும். "உது அவுட்டில்லை!" "அம்மாவாணை அவுட்!" அம்பயர் கிடையாது. சண்டை பிடிச்சுத் தாங்களே தீர்ப்பெழுதி, அஞ்சு நிமிசத்திலை திரும்ப விளையாடுவினம். இந்தப் படிப்பை எந்தக் கோச் எந்தத் தவணைக் காசுக்குச் சொல்லிக் குடுக்கிறான்? உன்ரை மகனுக்கு அவுட் குடுத்தா நீ போய் மாஸ்ரரோடை கதைக்கிறாய். அவன் எப்ப தோக்கப் பழகிறது?

அதுக்காக வகுப்பெல்லாம் வீண் எண்டு நான் சொல்லேலை. வகுப்பைப் பிள்ளையின்ரை எதிர்காலமாக்கிறதுதான் விசர். ஆறு வயசிலை "இவன் ஃபாஸ்ற் போலர்" எண்டு முத்திரை குத்தினால்? முரளிதரனும் முதல் வேகப்பந்துதான் போட்டவர். கண்டியிலை பள்ளிக்கூடத்திலை பதினாலு வயசளவிலைதான் கோச்சர் சுனில் பெர்னாண்டோ சுழல்பந்து போட்டுப் பாரெண்டவர். போட்டுப் பாத்தார். 2010-இலை காலி மைதானத்திலை 800 ரெஸ்ற் விக்கெற்றோடை முடிச்சார். அமெரிக்கக் குழந்தை டொக்டர்மாரும் இதைத்தான் சொல்லுகினம்: ஒரே விளையாட்டிலை பிள்ளையைக் கட்டிப்போடுறதைப் பதினைஞ்சு பதினாறு வயசு மட்டும் தள்ளிப்போடு, அதுக்கு முதல் எல்லாத்தையும் தொட்டுப் பாக்கட்டும் எண்டு. ஒண்டையே திருப்பித் திருப்பிச் செய்தா பிஞ்சு மூட்டு நோகும், மனமும் சலிச்சுப் போம்.

கராத்தேயைப் பற்றி வாய் திறக்கமாட்டன். பால்பல்லு விழமுதல் பிறவுண் பெல்ற் கட்டின பிள்ளையள் எங்கடை மாடியிலையே இருக்கினம். இருட்டிலை பாத்ரூமுக்குப் போகத் தாய் கூடப் போகவேணும்.

பெட்டையளின்ரை கதை இன்னும் மோசம். "வெயில் பட்டா கறுத்துப்போவாள்." கறுக்கட்டும், பிள்ளை. தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்திலையிருந்து வந்தவள். ஆறடி பத்தங்குல உயரம். வலைப்பந்திலை இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் எடுத்துத் தந்தவள். அவள் கறுப்போ சிவப்போ எண்டு அண்டைக்கு ஆரும் கேக்கேலை. பெடியளிலை எண்டா, எதிர்வீரசிங்கத்தை உங்களிலை எத்தினை பேருக்குத் தெரியும்? யாழ் மத்திய கல்லூரிப் பெடியன். 1958-இலை ரோக்கியோவிலை உயரம் பாய்ஞ்சு, ஆசிய விளையாட்டிலை இந்த நாட்டுக்கு முதல் தங்கம் கொண்டு வந்தவர். இந்த நாட்டின்ரை தேசிய விளையாட்டு எது எண்டாவது தெரியுமோ? கிறிக்கெற் எண்டுதானே வாயெடுக்கிறாய். கரப்பந்து. 1991-இலையிருந்து. ஒரு கயிறும் ஒரு பந்தும் இருந்தாக் காணும். அதுதான் எங்கடை எடுப்புக்காரருக்குப் பிடிக்கேலை, விலை காணாது.

நாங்கள் கிளித்தட்டு மறிச்சனாங்கள். நிலத்திலை காலாலை கோடு கீறினாச் சரி. குறுக்குக் கோட்டிலை நிக்கிறவன் அந்தக் கோட்டை விட்டு வரேலாது. கிளி மட்டும் நடுக்கோட்டிலையும் சுத்துக் கோட்டிலையும் ஓடும். அதுக்குள்ளாலை அடிபடாமல் கடக்க இந்தப் பக்கம் உளைஞ்சு, அந்தப் பக்கம் பாயவேணும். இண்டைக்கு "எஜிலிற்றி ட்ரெயினிங்" எண்டு செம்மஞ்சள் கூம்பு வைச்சு ஓடவிட்டுக் காசு வாங்குகினம். ஓட்டம் அதேதான். கூம்புக்குத்தான் காசு. மழை நாளெண்டா கொக்கான் வெட்டு, கரம் அடி. உன்ரை பிளாற்றிலை கார் நிப்பாட்டுற இடத்திலையும் கோடு கீறலாம். கொமிற்றிக்காரன் ஏசினா என்னைக் கூப்பிடு.

ஒண்டுக்கு மட்டும் காசைப் பாராதை. நீச்சல். வெள்ளவத்தையிலை தண்டவாளம் தாண்டினாக் கடல். கல்லும் சுழியும் உள்ள கடல், சின்னப் பிள்ளை இறங்குற இடமில்லை. ஆனால் கடலுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு நீந்தத் தெரியாத பிள்ளையை வளக்கிறது என்ன புத்தி? 1954-இலை நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971-இலை வல்வெட்டித்துறை ஆனந்தன் போய்த் திரும்பியே வந்தார். உன்ரை பெடியன் இந்தியாவுக்கு நீந்தவேண்டாம். விழுந்தா மிதக்கத் தெரிஞ்சாக் காணும். நல்ல குளமோ, தண்ணி சுத்தமோ, கரையிலை கண் வைச்சுக்கொண்டு ஒரு ஆள் நிக்கிறானோ எண்டு நீயே போய்ப் பார். ஜேர்சி நிறத்தைப் பிறகு பாக்கலாம்.

மிச்சத்தைப் பெடியன்ரை பொறுப்பிலை விடு. தைமாசம் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி வரும். தேசிக்காய்க் கரண்டியிலை தோப்பான், சாக்கோட்டத்திலை விழுவான், பணிஸ் தின்னுறதிலை வெல்லுவான். எதிலை அவன்ரை முகம் விரியுதெண்டு பாத்துக்கொள். அது உனக்கு வகுப்புக்காரன் குடுக்கிற அறிக்கையிலை வராது.

நாளைக்குச் சனிக்கிழமை. ரியூசன் ஒரு நாள் நிக்கட்டும். காலமை நூறாம் நம்பர் பஸ்ஸிலை ஏத்திக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போ. அந்த நடைபாதையை 1859-இலை கட்டி முடிச்ச ஆளுநர் ஹென்றி வோர்ட், கொழும்பிலை இருக்கிற பெண்டுகள் பிள்ளையளின்ரை நன்மைக்காக இதைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு தனக்குப் பிறகு வாற ஆளுநர்மாருக்குக் கல்லிலை வெட்டி வைச்சிட்டுப் போனவர். ரிக்கற் இல்லை, தவணைக் காசு இல்லை. ஒரு பந்து கொண்டு போ. போனை வீட்டிலை வை. மத்தியானத்துக்கு முதல் திரும்பிடு, பின்னேரம் மழை.