'டெபுடி': ஓர் எல்லைப்புற ஆராய்ச்சி

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறவர் அத்திப்பள்ளியைத் தாண்டும்போது வண்டிகளின் நம்பர் பிளேட் மாறுவதைக் கவனிப்பார். கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதையும் கவனிப்பார். ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் அங்கே தலைகீழாவதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. அந்தச் சொல் 'டெபுடி'. எல்லைக்கு இப்பால், கிருஷ்ணகிரி மாவட்டத்தில், டெபுடி கலெக்டர் என்றால் கலெக்டருக்குக் கீழே வேலை பார்ப்பவர். அப்பால், பெங்களூரு நகர மாவட்டத்தில், டெபுடி கமிஷனர் என்றால் மாவட்டத்துக்கே அவர்தான் தலைவர்; நம்மூர்க் கணக்கில் கலெக்டர்.

தமிழ் ஆய்வுலகம் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் வேர். 'டெபுடி'க்கு மூலம் 'புடாரே' என்ற லத்தீன் வினை. கிளை கழிப்பது, கணக்கிடுவது என்று அதற்குப் பொருள். அதே வேரில் கிளைத்த உடன்பிறப்பு, ஆஸ்பத்திரியில் கை கால்களை வெட்டி எடுப்பதைக் குறிக்கும் 'ஆம்புடேஷன்'. இலாகா குறைக்கப்பட்ட அமைச்சர் எவருக்கும் இந்த உறவை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 'லெப்டினன்ட்' பிரெஞ்சுச் சரக்கு: இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர் என்று பொருள். பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறவர், சொல்லின் நேர்ப்பொருளில், லெப்டினன்ட்தான். 'வைஸ்' என்றால் 'பதிலாக'. ஆனால் அதே எழுத்துக்கூட்டில் தீய பழக்கத்தைக் குறிக்க ஒரு சொல்லும், பீன்யாவின் பட்டறைகளில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்ச் வைஸுக்கு ஒரு சொல்லும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் உண்டு. மூன்றுக்கும் வேர் வேறு. தங்கள் வைஸ் பிரசிடென்ட் எந்த வேரைச் சேர்ந்தவர் என்பதை அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களே அறிவார்கள்.

பெங்களூரின் டெபுடி எப்படித் தலைவரானார்? 1831-ல் மைசூர் நிர்வாகத்தை மகாராஜாவிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். கமிஷனர்கள் ஆண்டார்கள். மார்க் கப்பன் 1834 முதல் 1861 வரை இருந்தார். கப்பன் பார்க்கில் பெயர் இருக்கிறது. அடுத்து வந்த போரிங்கின் பெயர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. போரிங் காலத்தில்தான் மாவட்டத்துக்கு ஒரு டெபுடி கமிஷனர் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. அன்று அந்தப் பெயரில் பிழையில்லை. மேலே ஒரு கமிஷனர் இருந்தார். 1881-ல் ராஜ்யம் மகாராஜாவிடம் திரும்பியது. தலைமைக் கமிஷனர் பதவி போயிற்று, திவான் வந்தார். டெபுடிகள் மட்டும் பெயர் மாறாமல் இருந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளைத் தோழன் பந்தலிலேயே தங்கிவிட்டார்.

பின்னாளில் பல மாவட்டங்களுக்குப் பொதுவாக மண்டல அளவில் கமிஷனர்கள் வந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஜனங்களுக்கு டி.சி. என்றால் டி.சி.தான். கன்னடம் இதில் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்க்காமல் வேலையை மொழிபெயர்த்து, 'ஜில்லாதிகாரி' என்று பலகை மாட்டிவிட்டது. 'உப' என்ற ஒட்டுக்கு அங்கே இடமே இல்லை. பல்கலைக்கழகத்திலும் இதே கதை. வைஸ் சான்சலரை முன்பு 'உபகுலபதி' என்றார்கள், இப்போது 'குலபதி'. தமிழில் அவர் இன்னும் துணைவேந்தர். வேந்தர் கவர்னர் மாளிகையில் இருக்க, பல்கலைக்கழகத்தை நடத்துகிறவர் துணை.

இனி இலக்கணம். தமிழில் 'துணை'யின் தகுதி அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அல்சூர்ப் பக்கத் தமிழர் ஆட்டோ ஒன்றின் முதுகில் 'முருகன் துணை' என்று இருப்பதாகக் கொள்வோம். சொற்களை இடம் மாற்றி 'துணை முருகன்' என்று எழுதினால், பழனியில் இருப்பவர் விடுப்பில் போகும்போது பொறுப்பேற்கும் அதிகாரி என்றாகிவிடும். பின்னால் நின்றால் எழுவாய்த் தொடர்: காக்கிறவர். முன்னால் நின்றால் இருபெயரொட்டு: காத்திருக்கிறவர்.

காத்திருப்புக்குச் சான்றுகள் கர்நாடகச் சட்டமன்றம் கூடும் விதான சௌதாவில் உள்ளன. எஸ்.எம். கிருஷ்ணா 1993-ல் துணை முதல்வரானார், 1999-ல் முதல்வர். ஜே.எச். படேலுக்கு இரண்டே ஆண்டு: 1994-ல் துணை, 1996-ல் முதல்வர். எடியூரப்பா 2006-ல் துணை, 2007-ல் முதல்வர். அந்த முதல் தடவை ஒரு வாரம்தான் நீடித்தது. சித்தராமையா 1996-ல் ஒரு முறை, 2004-ல் மறுமுறை துணையாக இருந்து, 2013-ல் முதல்வரானார்: துண்டு போட்டு 17 ஆண்டு. அவரே 2023-ல் மீண்டும் முதல்வரானபோது டி.கே. சிவகுமார் துணை. இடையே 2019-ல் எடியூரப்பா மூன்று துணை முதல்வர்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டார். இரண்டாமிடம் ஒன்றுதான் என்ற எண்கணிதக் கோட்பாடு அன்றோடு காலாவதியாயிற்று. எதிர்த்திசைப் பயணத்துக்கும் சான்று உண்டு: தமிழ்நாட்டில் மூன்று முறை முதல்வராக இருந்த ஓ. பன்னீர்செல்வம் 2017-ல் துணை முதல்வரானார்.

இத்தனைக்கும் அரசியலமைப்புச் சட்டத்தில் துணை முதல்வர், துணைப் பிரதமர் என்ற பதவிகளே கிடையாது. 1989 டிசம்பரில் பதவியேற்ற தேவிலால், 'அமைச்சர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'துணைப் பிரதமர்' என்றார். பிரமாணம் செய்து வைத்த குடியரசுத் தலைவர், நம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆர். வெங்கட்ராமன், திருத்தினார். தேவிலால் மறுபடியும் துணைப் பிரதமர் என்றே சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அந்தப் பெயர் வெறும் விவரணை, ஆள் மற்றவர்களைப் போல ஓர் அமைச்சரே, ஆகவே பிரமாணம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. துணை முதல்வர்களுக்கு எதிரான மனுவையும் 2024-ல் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, சட்டத்தின் கண்ணில் 'துணை' என்பது அடைமொழி, கலைமாமணி போல.

மேலே எவரும் இல்லாத துணைக்கு உச்ச உதாரணம் புதுச்சேரியில் இருக்கிறது. அங்கே துணைநிலை ஆளுநர் உண்டு, ஆளுநர் கிடையாது. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டின் வங்கித் தொழில்நுட்ப அலுவலகங்களும் அந்த வழிதான்: ஒரே மாடியில் பல வைஸ் பிரசிடென்டுகள், பிரசிடென்டைக் காணோம். அங்கே அது இரண்டாமிடமே அல்ல, பதவி உயர்வு ஏணியில் நடுப்படி.

கடைசியாக, பெங்களூரில் நில விவகாரம் உள்ள தமிழ் வாசகருக்கு ஒரு வார்த்தை. கெம்பேகௌடா சாலையில் டெபுடி கமிஷனர் அலுவலகம் இருக்கும் கந்தாய பவன் வாசலில் நின்று, 'டெபுடி வேண்டாம், பெரியவரைப் பார்க்கணும்' என்று கேட்காதீர்கள். டெபுடிதான் பெரியவர். பஹணி, பட்டா போன்ற நில ஆவண விஷயமென்றால் எப்படியும் முதலில் தாசில்தாரிடம்தான் போகச் சொல்வார்கள். அத்திப்பள்ளிக்கு இருபுறமும் தாசில்தார் என்றால் தாசில்தார்தான்.