அயல்மொழித் தேர்வில் சரிபார்ப்பு அபாயம்: ஒரு முன்னாய்வு

பொழுதுபோக்குக்காக அயல்மொழி கற்க முனைவோர் அம்மொழியை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கின்றனர் என்னும் வினாவுக்கு, அவர்கள் வாய்மொழியை அப்படியே நம்பி எழுதப்படும் விளக்கங்கள் பெரும்பாலும் பயன்படுவதில்லை. இலக்கியச் செழுமை, ஒலியின் இனிமை, திரைப்படங்கள் மீதான ஈடுபாடு, முதுமையில் மூளை மழுங்காதிருத்தல் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் யாவும் ஏதேனும் ஒரு மொழியைக் கற்பதற்குப் போதுமானவை. ஆனால் உலகில் வழங்கும் ஏறத்தாழ ஏழாயிரம் மொழிகளுள் எஞ்சியவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் குறிப்பிட்ட ஒன்றைப் பற்றிக்கொள்வது ஏன் என்பதை அவை விளக்குவதில்லை. கற்பவரின் பிழையைக் கண்டுபிடிக்க வல்லவர் எவ்வளவு தொலைவில் குடியிருக்கிறார் என்பதே தேர்வைத் தீர்மானிக்கிறது என்னும் கருதுகோளை இக்கட்டுரை முன்வைத்து, அதைத் தமிழ்நாட்டுச் சூழலில், சிறப்பாகச் சென்னையில், சோதித்துப் பார்க்கிறது.

முதற்கண் சில வரையறைகள் தேவைப்படுகின்றன. விசா, வேலை, மதிப்பெண், திருமணம் ஆகிய எதையும் எதிர்பாராமல் மொழி கற்பவரே இங்கு 'பொழுதுபோக்கு மாணாக்கர்' எனப்படுகிறார். ஆகவே, மேல்நிலை வகுப்பில் மதிப்பெண் கருதிப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகளும், செவிலியர் பணிக்காக ஜெர்மன் படிப்போரும், அவர்களது துன்பம் உண்மையானது என்பதாலேயே, இவ்வாய்வின் எல்லைக்குள் வருவதில்லை. மாணாக்கர் பேசும் ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் அது பிழையா அன்றா என்று சொல்லத்தக்கவர் 'சரிபார்ப்பாளர்' எனவும், அத்தகையவரை உறவினர் வீட்டு விசேஷத்திலோ அடுக்ககத்தின் மின்தூக்கியிலோ எதிர்கொள்ள நேரும் வாய்ப்பு 'சரிபார்ப்பு அபாயம்' எனவும் வழங்கப்படும். இவ்வபாயம் குறையக் குறைய மொழியின் கவர்ச்சி கூடும் என்பதே கருதுகோளின் சுருக்கம்.

இதற்கு முதற்சான்று மலாய். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அலுவலர்கள் ஒவ்வொரு மொழியிலும் பணிக்குப் போதுமான தேர்ச்சி பெற ஆகும் காலத்தைக் கணக்கிட்டு வெளியிடும் பட்டியலில், மலாய்க்கு 36 வாரங்களும் ஜப்பானியத்துக்கு 88 வாரங்களும் குறிக்கப்பட்டுள்ளன. (அதே பட்டியலில் தமிழுக்கு 44 வாரங்கள் என்றிருப்பதைக் கண்டு, இத்தனை தானா என்று வருந்தும் தமிழர்களும் உண்டு.) ஆங்கிலம் பேசுவோர் நாவுக்கு அளந்த இக்கணக்கு, வினைச்சொல்லை வாக்கியத்தின் இறுதியில் வைத்துப் பழகிய தமிழருக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், மலாயில் பெயர்ச்சொல்லுக்குப் பால் வேறுபாடு இல்லை, வினை காலத்துக்கேற்பத் திரிவதில்லை, எழுத்தும் பழகிய ரோமன் எழுத்தே, ஜப்பானியமோ இருவகை அசையெழுத்துகளுடன், 2010இல் திருத்தப்பட்ட அரசுப் பட்டியலின்படி, பொதுப் பயன்பாட்டுக்கென 2136 சீனவழி எழுத்துகளையும் கேட்கிறது. அறிவுடையோர் எவரும் மலாயையே நாடியிருக்க வேண்டும். ஆயினும் சென்னையில் ஜப்பானியம் கற்கத் தொடங்கியவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது, மலாய் கற்கத் தொடங்கியவரைக் கண்டுபிடிப்பது அரிது. இம்முரண்பாட்டுக்கு இலக்கணத்தில் விடை இல்லை; கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ இருக்கும் சித்தப்பாவிடத்தில் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் வரும் அவர், அண்ணன் மகன் ஆறு மாதம் பாடுபட்டுச் சேர்த்த மலாயைக் காதில் வாங்கிய மாத்திரத்தில் சிரித்துவிடுவார் என்பதும், அச்சிரிப்பு குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குப் பேசப்படும் என்பதும் மாணாக்கருக்கு முன்கூட்டியே தெரியும்.

சரிபார்ப்பு அபாயம் தமிழரிடையே பிற சமூகத்தாரைவிட மிகுந்து காணப்படுவதற்கு அவர்களது குடிபெயர்வு வரலாறே காரணம். பர்மிய மொழி தொலைவானது என்று கருதி அதைத் தொடங்குபவர், 1960களில் பர்மாவை விட்டுத் திரும்பிய குடும்பங்கள் வியாசர்பாடியில் வாழ்வதையும், பாரிமுனைக்கு அருகே பர்மிய உணவான அத்தோ வாங்கப் போன இடத்தில் கடைக்கார மூதாட்டி அம்மொழியிலேயே விலை சொல்லக்கூடும் என்பதையும் பின்னரே உணர்கிறார். அரபு கற்போருக்கு, சவுதியில் நெடுங்காலம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி இப்போது தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருப்பவர் தடையாகிறார். இலக்கண நூலிலிருந்து மாணாக்கர் பெற்ற செவ்வியல் அரபும் கடைக்காரர் ரியாத் சாலைகளில் பெற்ற பேச்சு அரபும் ஒன்றுக்கொன்று விளங்காமற்போகும்போது, தெருவார் தீர்ப்பு கடைக்காரர் பக்கமே அமைகிறது. பிரெஞ்சு மொழியின் நிலை இன்னும் மோசம். 1954 நவம்பரில் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறி, 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் சட்டப்படி நிறைவேறிய பின்னும் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் புதுச்சேரியில் இருப்பதால், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்கும் காட்சி, சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பயணத் தொலைவில், எந்த மாணாக்கரின் உச்சரிப்பையும் எடைபோடக் காத்திருக்கிறது.

வடதுருவத்தை நோக்கி நகர்ந்தாலும் தப்புவதற்கில்லை. நார்வேஜிய மொழியை எடுத்தால், ஆஸ்லோவில் ஈழத் தமிழர் வேரூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்நகரின் துணை மேயராக 2015இல் பொறுப்பேற்ற கம்சாயினி குணரட்ணம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். டேனிஷ், டச்சு, சுவிஸ் ஜெர்மன் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். காக்கேசிய மலைச் சாரலில் வழங்குவதும், 33 எழுத்துகள் கொண்ட தனக்கேயுரிய அழகிய வரிவடிவம் உடையதுமான ஜார்ஜிய மொழி அண்மைக்காலம் வரை முற்றிலும் பாதுகாப்பானதாக இருந்தது. மருத்துவம் படிக்க மாணவர்கள் திபிலிசிக்குச் செல்லத் தொடங்கியபின் எதிர்வீட்டுப் பிள்ளையே சரிபார்ப்பாளராகிவிடும் நிலை வந்து, அதுவும் கைவிட்டுப் போயிற்று.

இந்தத் தர்க்கத்தின்படி ஜப்பானியமும் கொரியமும் சென்னையில் அறவே செல்வாக்கிழந்திருக்க வேண்டும் என்றொரு மறுப்பு எழலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1990களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது முதல் கொரியக் குடும்பங்கள் இந்நகரில் வசிக்கின்றன. ஒரகடம் வட்டாரத்தில் ஜப்பானிய நிறுவனங்களுக்குக் குறைவில்லை. மறுப்பு வலுவானதே. எனினும் ஜப்பானியரைப் பொறுத்தவரை, அயலார் ஒருவர் வணக்கம் மட்டும் சொன்னாலும் மொழியில் நல்ல தேர்ச்சி என்று பாராட்டிவிடும் மரியாதை அவர்களிடையே நிலவுவதால், சரிபார்ப்பாளர் அருகில் இருந்தும் சரிபார்ப்பு நிகழ்வதில்லை. கொரியத்துக்கு இத்தகைய காப்பு உண்டா என்பது இன்னும் தெளிவுபடவில்லை. அம்மொழி கற்போர் பெரும்பாலும் தொலைக்காட்சித் தொடர்களின் வழியே வருபவர்களாதலால், பதில் பேசாத கொரியர்களுடன் மட்டும் அவர்கள் பழகுகின்றனர் என்று இப்போதைக்குக் கொள்ளலாம்.

கருதுகோளுக்குக் கணித அடிப்படை வழங்கியவர் ஹங்கேரிய மொழிபெயர்ப்பாளர் லோம்ப் காத்தோ. பதினாறு மொழிகளில் பணியாற்றிய அவர், 1970இல் வெளியிட்ட நூலில், செலவிட்ட நேரத்தையும் ஆர்வத்தையும் கூட்டி, வரும் தொகையைக் கூச்சத்தால் வகுத்தால் கிடைப்பதே மொழிப்பயிற்சியின் விளைவு என்றொரு சூத்திரம் தந்தார். சரிபார்ப்பாளர் எவரும் இல்லாத இடத்தில் கூச்சம் சுழியாகும். எந்தத் தொகையையும் சுழியால் வகுக்க முனைந்தால் விளைவுக்கு எல்லையே இராது. இத்தகைய வகுத்தலைக் கணிதவியலார் அனுமதிப்பதில்லை என்றாலும், கண்ணாடி முன் நின்று தனியே பேசும் எந்த மாணாக்கரும் தம் எல்லையற்ற புலமையை நேரில் உணர்ந்தவரே.

டிராய் நகரை அகழ்ந்து புகழ்பெற்ற ஹைன்ரிக் ஷ்லீமன் இளமையில் ஆம்ஸ்டர்டாமில் ரஷ்ய மொழி கற்ற வரலாறு இங்கே தனிக் கவனத்துக்குரியது. யாருக்கேனும் ஒப்பித்துக் காட்டினால் விரைவில் வசப்படும் என்று கருதிய அவர், மாலைதோறும் இரண்டு மணி நேரம் எதிரில் அமர்ந்து கேட்பதற்கென ஏழை ஒருவரை வாரம் நான்கு பிராங்கு கூலிக்கு அமர்த்தினார். அந்த ஏழைக்கோ ரஷ்ய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஒப்பித்தலின் ஓசை தாளாமல் உடன்குடியிருந்தோர் முறையிட்டதனால் ஷ்லீமன் இருமுறை வீடு மாற நேர்ந்ததாக அவரே எழுதியுள்ளார். அவர் வணிகத் தேவைக்காகக் கற்றவர் என்பதால் நம் வரையறைக்குள் அடங்கார். ஆயினும், கேட்பவர் வேண்டும், அவருக்கு மொழி தெரியக் கூடாது என்னும் நுட்பத்தை முதலில் கண்டு அதற்குக் கூலியும் கொடுத்தவர் என்ற வகையில் முன்னோடியாகிறார். தமிழ்க் குடும்பங்களில் இப்பணி இலவசமாகவே நடைபெறுகிறது. "எங்கே, ஏதாச்சும் பேசிக் காட்டு பாப்போம்" என்று அத்தை கேட்க, மாணாக்கர் முதற்பாடத்தின் மூன்று வாக்கியங்களை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க, கூடத்தில் உள்ளோர் வியக்கும் இச்சடங்கு, அவையில் எவருக்கும் மொழி தெரியாத வரை வெற்றியாகவே முடிகிறது.

கருதுகோளுக்கு நேர் எதிரான சான்றாகக் காட்டப்படுபவர் போலோஞாவைச் சேர்ந்த கர்தினால் மெத்ஸொபாந்தி (1774–1849). இவர் சரிபார்ப்பாளர்களைத் தேடிப் பிடித்துப் பேசியவர். கவிஞர் பைரன் தமக்குத் தெரிந்த எல்லா மொழிகளின் வசைச்சொற்களையும் கொண்டு இவரைச் சோதித்து வியந்து மீண்டார். கர்தினால்களின் நடத்தையைப் பொதுவிதியாகக் கொள்ள இயலாது.

உயிருள்ளோர் பேசாத மொழியை எடுத்தால் அபாயமே இராது என்று வாதிடுவோர் இலத்தீனைப் பரிந்துரைக்கின்றனர். பேசுவோர் போனாலும் பேராசிரியர்கள் எஞ்சுகின்றனர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். பின்லாந்து வானொலி 1989 முதல் 2019 வரை வாராவாரம் இலத்தீனில் செய்தி வாசித்து வந்ததை நினைத்தால், அம்மொழியின் மரணச் செய்தியையே ஐயத்துடன்தான் ஏற்க வேண்டியிருக்கிறது. 1887இல் ஸாமென்ஹோஃப் வார்சாவில் வெளியிட்ட செயற்கை மொழியான எஸ்பெராந்தோ கற்பதற்கு எளிதாயினும், அதைப் பேசுவோர் ஒருவர் வீட்டில் மற்றவர் கட்டணமின்றித் தங்குவதற்கென முகவரிப் பட்டியல் ஒன்றை 1974 முதல் நடத்தி வருகின்றனர். பிற மொழிகளில் சரிபார்ப்பாளரைத் தற்செயலாகச் சந்திக்கலாம். இதில் அவர் பெட்டியுடன் வந்து இறங்குவார், காலையில் காபியும் போட்டுக் கொடுத்தாக வேண்டும்.

இவ்வாறு நீக்கிக்கொண்டே வந்தால் இறுதியில் நிற்பது ஐஸ்லாந்திய மொழி. அந்நாட்டின் மொத்த மக்கள்தொகை நான்கு லட்சத்தை எட்டாது. மூன்று பால், நான்கு வேற்றுமை என இலக்கணமும் சொல்லிப் பெருமைப்படத்தக்க அளவுக்குக் கடினமானது. ஆகவே இக்கருதுகோளைத் தாமாகவே கண்டறிந்த மாணாக்கர் பலர் இம்மொழியில் வந்து சேர்வது எதிர்பார்க்கத்தக்கது. அதனால் ஒரே அடுக்ககத்தில் இருவர் தம்முள் அறியாமல் ஐஸ்லாந்தியம் கற்றுக்கொண்டிருந்து, மின்தூக்கியில் ஒருவர் கைப்புத்தகத்தை மற்றவர் கண்டுகொள்ளும் நிலை ஏற்படக்கூடும். அப்போது ஒவ்வொருவரும் மற்றவருக்குச் சரிபார்ப்பாளராகிவிடுகின்றனர். இச்சிக்கலுக்கு அறியப்பட்ட தீர்வு ஒன்றே: இருவரும் ஆளுக்கொரு முறை அம்மொழியில் வணக்கம் சொல்லி, ஒருவர் உச்சரிப்பை மற்றவர் மனமாரப் பாராட்டிவிட்டு, இந்த மாதப் பராமரிப்புக் கட்டணம் ஏன் கூடிற்று என்பதைத் தமிழில் பேசிக்கொண்டு தத்தம் தளத்தில் இறங்கிக்கொள்வது.