பெருவிரல் மை

2005-ல் அப்பத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வரும். மாதம் 200 ரூபாய். என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. பத்தாம் தேதி தாண்டிவிட்டால் கஞ்சியைக் குடித்த கையோடு திண்ணைக்கு வந்துவிடுவாள். சைக்கிள் மணி கேட்டால் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள்.

"வந்துருச்சா தம்பி?"

போஸ்ட்மேன் சைக்கிளை வேம்பில் சாய்த்துவிட்டு ஃபாரத்தையும் மைப்பெட்டியையும் எடுப்பார். அப்பத்தாவின் இடது பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி, ஃபாரத்தில் அழுத்துவார். கைநாட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். அப்பா இல்லாத நாளில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நான் போடுவேன். கைக்கு வருவது 190 ரூபாய். மீதிப் பத்தை அப்பத்தா ஒருநாளும் கேட்டதில்லை; வெயிலில் வருகிற பிள்ளை என்பாள். எனக்கு ஆறாது. மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, பணத்தைச் சுருக்குப்பையில் வைத்து முடிந்துகொள்வாள்.

1962-ல் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. 2011-ல் ஆயிரமாகி, 2023 ஆகஸ்டில் 1200 ஆனது. இதில் எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு இன்றும் 200 ரூபாய்தான், அன்றைக்கு அப்பத்தா வாங்கிய முழுத்தொகை. இதை எத்தனை முறை நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

இப்போது சின்னம்மா வாங்குகிறாள். பணம் கணக்கில் விழுகிறது. யாரும் பத்து ரூபாய் பிடிப்பதில்லை. அந்த ஒன்றுக்காகவே இந்த மாற்றத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் விழுந்த பணத்தை எடுக்க வேண்டுமே.

முதலில் கணக்கு இருந்த வங்கி எட்டு கிலோமீட்டர் தள்ளி. அதன் சார்பில் ஊருக்குக் கைரேகை மெஷினோடு ஒருவர் வருவார். சின்னம்மா நாற்று நட்டவள். கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவள். அவள் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? கண்ணாடி மேல் வைப்பாள், சிவப்பு விளக்கு எரியும். துடைத்துவிட்டு வைப்பாள். நெற்றியில் தேய்த்து, அந்தப் பிசுக்கோடு வைப்பாள். பத்து விரலும் பார்த்த பிறகு, "ரேகை விழல ஆத்தா, பேங்குக்கே போயிரு" என்பார் அவர். அப்பத்தாவின் மை எவ்வளவு மங்கலாக விழுந்தாலும் பக்கத்தில் ஒரு சாட்சி இருந்தது. 'இவள்தான் அவள்' என்று சொல்ல நான் இருந்தேன். மெஷின் என்னைக் கேட்கவில்லை.

ஒருமுறை குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அவள் பணத்தில் கொஞ்சம் பிடித்துவிட்டார்கள். மாதம் 1200 ரூபாயில் பிழைப்பவளிடம் இருப்பு ஏது? 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் வந்தபோதும் சில வங்கிகள் இப்படியே பிடிக்க, மாநில நிதியமைச்சர் கண்டித்து அறிக்கை விட வேண்டி வந்தது.

பிறகுதான் மத்தியக் கூட்டுறவு வங்கிக் கிளையில் கணக்கு மாற்றினோம். நகைக்கடன், உரம் என்று மூன்று தலைமுறையாக எங்கள் ஊருக்குக் கூட்டுறவுச் சொசைட்டி பழக்கம். சின்னக் குடியானவனுக்கு வட்டிக்காரனிடமிருந்து விடுதலை வேண்டும் என்று ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதியதும், 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்து திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் பிறந்ததும் பழைய கதை. அந்தக் கதையின் உயிர் ஒரே விஷயத்தில் இருக்கிறது: உறுப்பினரை முகம் பார்த்தே தெரியும். அரசுப் பணம் போய்ச் சேர இதைவிடத் தோதான இடம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

போன மாதம் நான் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் எழுந்து, "வாங்க பெரியம்மா, முழங்கால் தேவலையா?" என்று கேட்டாள். சீட்டை அவளே எழுதினாள். மைப்பெட்டியைத் தள்ளி வைத்தாள். சின்னம்மா பெருவிரலை உருட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே" என்றாள்.

போட்டேன். சின்னம்மா 1200 ரூபாயையும் இரண்டு தடவை எண்ணினாள். பாஸ்புக்கில் வரி ஏறிய பிறகுதான் எழுந்தாள். படிக்கத் தெரியாது, ஆனாலும் அச்சான அந்தக் கடைசி வரியை மை படிந்த விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே பஸ் ஸ்டாப் வரை வந்தாள்.