பூரி உப்பலும் வாயு விதிகளும்: ஓர் அடுக்களை ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: ஒரே மாவு, ஒரே பூரிக்கட்டை, ஒரே வாணலி. ஆயினும் தம்பியின் தட்டில் பூரி பந்தாக இருக்கிறது. ஆய்வாளரின் தட்டிலோ சப்பாத்திபோல் படுத்துக் கிடக்கிறது. ஏன்?

முன்னோர் கூற்று: வெப்பநிலை மாறாதவரை, அழுத்தம் இரட்டித்தால் வாயுவின் கன அளவு பாதியாகும் என்றார் ராபர்ட் பாயில் (1662). அழுத்தம் மாறாதவரை, சூடேற ஏறக் கன அளவு பெருகும் என்பதை 1780களில் கண்ட ஜாக் சார்லஸ், அதை வெளியிடாமலே விட்டுவிட்டார். 1802இல் கே-லுசாக் வெளியிட்டு, பெருமையைச் சார்லஸுக்கே கொடுத்தார். மூவரும் பூரி சாப்பிட்டதற்குச் சான்றில்லை.

கருதுகோள்: உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிவதால் பூரி உப்புகிறது.

கருதுகோளின் வீழ்ச்சி: சார்லஸ் கணக்கில் செல்சியஸுடன் 273ஐக் கூட்ட வேண்டும். 30 பாகை 303 ஆகும். 100 பாகை 373 ஆகும். ஆக, காற்று கால் பங்குகூட விரியவில்லை. அதை வைத்துக்கொண்டு பூரியைப் பந்தாக்க முடியாது.

நெறியாளர் (அம்மா) குறுக்கீடு: "காத்து இல்லடா, பிசைஞ்ச தண்ணிதான் தூக்குது. எண்ணெய் காயலைன்னா அதுவும் தூக்காது."

சரிபார்ப்பு: கால் கிராம் நீர், அதாவது ஐந்து சொட்டு, 100 பாகையில் ஆவியானால் ஏறத்தாழ 400 மில்லி, இரண்டு டம்ளர் இடம் கேட்கும். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தால் மேல்தோல் சட்டென இறுகி ஆவியை உள்ளே பிடித்துக்கொள்கிறது. முதலில் ஓரத்தில் ஒரு கொப்புளம். ஜல்லிக்கரண்டியால் லேசாக அமுக்கினால் அது நகர்ந்து, பரவி, முழுப் பூரியும் எழுகிறது. ஊசிமுனை ஓட்டை இருந்தால் 'புஸ்'.

ஒப்பீடு: குக்கருக்கு வயிறு பெருக்காது, எனவே அழுத்தம் ஏறி விசிலடிக்கிறது. பூரிக்கு வயிறு பெருக்கும், எனவே விசிலடிப்பதில்லை.

முடிவு: ஆறிய பூரியில் ஆவி மறுபடி நீராகிறது, பூரி அமுங்குகிறது. தம்பி அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஆய்வாளர் மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகே வருகிறார். விதிகளில் பிழையில்லை.

மேலாய்வுக்கு: அதற்குள் கிழங்கு மசாலாவின் கன அளவும் பாதியாகியிருந்தது. அழுத்தம் எதுவும் கூடியதாகத் தெரியவில்லை. தம்பியை விசாரிக்க வேண்டும்.