நீ என்ன டார்சியாலே?

ஏலே பேராண்டி, ஜேன் ஆஸ்டினோட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' புஸ்தகத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு எந்நேரமும் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்கியே, மனசுக்குள்ள டார்சி ஆயிட்டியோ?

1813-ல வந்த கதை இன்னும் ஏன் விக்குதுன்னு கேக்கே. காதல்னு எல்லாவனும் சொல்லுவான். நான் கணக்குங்கேன். டார்சி நடனக் கூடத்துக்குள்ள நொழஞ்ச அஞ்சு நிமிசத்துல, அவனுக்கு வருசத்துக்கு 10,000 பவுண்டு வருமானம்னு ஊரு பூராப் பேச்சு. அவனுக்கு அம்புட்டு அள்ளிக் கொடுத்த அந்தம்மா, புஸ்தகத்தோட உரிமைய வித்தது வெறும் 110 பவுண்டுக்கு. பென்னட்டு பொஞ்சாதியப் பேராசக்காரின்னு சிரிக்கானுவ. அஞ்சும் பொட்டப்புள்ள, புருசன் கண்ண மூடினா வீடும் நெலமும் பங்காளி காலின்ஸுக்கு. அவ பதறாம வேற எவ பதறுவா? புருசக்காரன் புஸ்தக அறைக்குள்ள ஒக்காந்து நக்கல் பண்ணிக்கிட்டுக் கெடக்கான். (அவன எனக்குப் பிடிக்கும், அது வேற கத.)

அந்தப் பத்தாயிரத்தையே பென்னட்டு மக எலிசபெத்து வேண்டாங்கா பாரு, அங்கனதான் கத நிமிருது. ஒன் குடும்பம் எனக்குத் தாழ்த்திதான், ஆனாலும் ஒன்ன விட முடியலங்கான் டார்சி. இதுவாலே பொண்ணு கேக்குத லச்சணம்? நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான். பெறவு, அவ தங்கச்சியக் கூட்டிக்கிட்டு ஓடுன விக்காமோட கடனையெல்லாம் அடச்சு, ரெண்டுக்கும் கல்யாணத்தையும் முடிச்சு வச்சுட்டு, வெளிய மூச்சு விடல.

இதப் படிக்குத பயலுவ எல்லாம் தன்ன டார்சின்னு நெனச்சுக்கிடுதானுவ. போயிக் கண்ணாடியப் பாருலே. நம்மள்ல முக்காவாசிப் பேரு காலின்ஸுதான். கல்யாணம் பண்ணிக்கிட என்னென்ன காரணம்னு பொண்ணுகிட்டயே வரிசபோட்டு ஒப்பிச்சவன்லா அவன்! எலிசபெத்து முடியாதுன்னா. பொம்பளைய வெக்கத்துல அப்படித்தான் சொல்லுவாகன்னு இளிச்சான். மூணு நாளைக்குள்ள அவ சேக்காளி சார்லட்டையும் கேட்டுப்புட்டான். 27 வயசு, கையில காசு கெடையாது, அவ சரின்னுட்டா.

அவள ஏசுதவுக நெறையப் பேரு. என்னயக் கேட்டா, அந்தப் புஸ்தகத்துலயே வெவரமானவ அவதான். தோட்ட வேல ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லிச் சொல்லியே புருசன வெளிய நிறுத்திட்டா. ரோட்டப் பாத்த அறைய அவனுக்கு விட்டுட்டு, பின்பக்கத்து அறைய எடுத்துக்கிட்டா.

நீ அடுத்த வாரம் பொண்ணு பாக்கப் போறல்லா? மம்பட்டி புடிக்கத் தெரியுமாலே ஒனக்கு?